சிவப்பு டார்ச் வைத்திருக்கும் கறுப்பு மீன்

கடலில் 30 மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கும் ஒருவருக்கு விரலில் கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசியும் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. கரும்பச்சையாக, மை கரைவதுபோல் தெரியும். ரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆழம் வரைக்கும் சிவப்பு ஒளி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கையிலிருக்கும் டார்ச்சை அருகே வைத்து அடித்தால் ரத்தம் உடனே சிவந்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். உலகின் விசித்திரமான மீன்களில் ஒன்றை ஓரளவு புரிந்துகொண்டுவிடலாம். அதன் அறிவியல் பெயர் மலக்கோஸ்டியஸ் நைஜர். கிரேக்கத்திலும் லத்தீனிலுமாகச் சேர்த்த பெயர். பிரித்தால் ‘மெல்லெலும்புக் கறுப்பன்’ என்று வரும். 1848இல் வில்லியம் ஏயர்ஸ் என்பவர் இதை முதலில் விவரித்துப் பெயரிட்டார். பெரிய மீன் ஒன்றும் இல்லை. நன்றாக வளர்ந்தாலும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். செதில் இல்லாத கறுப்புத் தோல், பெரிய கண்கள், உடம்புக்குப் பொருந்தாத வாய். கடலின் 500 மீட்டருக்குக் கீழே உள்ள பகுதிகளில் வாழ்கிறது.

ஆழ்கடல் மீன் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது நெற்றியில் தூண்டில் விளக்கைத் தொங்கவிட்ட தூண்டில் மீன்தான். அது பிரபலமாகிவிட்டது. என்னைக் கேட்டால், அதைவிடப் பல மடங்கு சாமர்த்தியமான விளக்கு இந்தக் கறுப்பனிடம் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

தண்ணீர் சிவப்பை என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. அதை நானோமீட்டரில் அளக்கிறார்கள். நீலம் ஏறக்குறைய 470, பச்சை 530, சிவப்பு 620க்கு மேல். 700ஐத் தாண்டினால் நம் கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது.

தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி உள்ளே விடுவதில்லை. சிவப்பு ஒளியை நீர் மூலக்கூறுகள் உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகின்றன. நீல ஒளியை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகின்றன. சுத்தமான நீரில் 700 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பு ஒளி ஒரு மீட்டர் கடப்பதற்குள் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. 475 அளவிலுள்ள நீலம் பாதியாவதற்கு 50 மீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். கடல் ஏன் நீலம் என்ற பழைய கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். மற்ற நிறங்களை நீர் தின்றுவிட்டது, மிஞ்சியது நீலம்.

எனவே ஆழம் கூடக்கூட நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. சிவப்பு முதலில், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. 200 மீட்டருக்குக் கீழே தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதுமான வெளிச்சம் கிடையாது. 200 முதல் 1000 மீட்டர் வரையுள்ள பகுதியை அந்தி மண்டலம் என்பார்கள். மங்கலான நீல வெளிச்சம் மட்டும் மேலிருந்து கசியும் உலகம் அது. 1000 மீட்டருக்குக் கீழே அதுவும் இல்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. இரண்டும் நம் மீனுக்கு முக்கியம்.

முதலாவது, ஆழ்கடலில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். சிவப்பு இறால் ஒன்று நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது ஏன்? அதன் மேல் விழும் ஒளியில் சிவப்பை மட்டும் அது திருப்பி அனுப்புகிறது, மற்றவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சிவப்பு ஒளியே இல்லாத இடத்தில் அது எதைத் திருப்பி அனுப்பும்? ஒன்றையும் அனுப்பாது. அதனால் இருளோடு இருளாகிவிடும். ஆழ்கடல் இறால்களிலும் ஜெல்லிமீன்களிலும் இத்தனை சிவப்பு இருப்பதற்கு இதுதான் காரணம். மேலே கொண்டுவந்து படம் எடுக்கும்போது நமக்கு அலங்காரமாகத் தெரிவது, அங்கே அவற்றின் முக்காடு.

இரண்டாவது, வராத ஒளிக்குக் கண் எதற்கு? அந்த ஆழத்தில் கிடைக்கும் மிச்ச வெளிச்சமும் நீலம். உயிரினங்கள் தாமே உண்டாக்கும் வெளிச்சமும் பெரும்பாலும் நீலம். ஆகவே பெரும்பாலான ஆழ்கடல் மீன்களின் விழித்திரையில் ஒரே வகைப் பார்வை நிறமிதான், அதாவது ஒளியை உணரும் பொருள்தான், இருக்கும். அது 470 முதல் 490 நானோமீட்டர் வரையிலான ஒளிக்குக் கூர்மையாகத் தீட்டப்பட்டது. அவற்றைப் பொறுத்தவரை சிவப்பு என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை. நமக்கு அகச்சிவப்பு எப்படியோ அப்படி.

சரி, இப்போது யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் சிவப்புக் குருடு. எல்லோரும் சிவப்புப் போர்வைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவனிடம் மட்டும் சிவப்பு டார்ச் இருந்தால்?

கண்ணுக்குக் கீழே ஒரு விளக்கு

மலக்கோஸ்டியஸின் முகத்தில் இரண்டு வகை விளக்குகள் உள்ளன. கண்ணுக்குப் பின்னால் வட்டமாக இருப்பது நீலப்பச்சையாக ஒளிரும். இந்த மாதிரி விளக்கு இதன் உறவினர்களான மற்ற டிராகன் மீன்களிடமும் உண்டு. கண்ணுக்கு நேர் கீழே கண்ணீர்த்துளி வடிவத்தில் இருப்பதுதான் சிவப்பு விளக்கு. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டாப்லைட் லூஸ்ஜா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாலைச் சிக்னலும் தளர்ந்த தாடையும் சேர்ந்த பெயர். கேலிப்பெயர் போல இருந்தாலும் பொருத்தம்தான்.

1984இல் எடித் விடரும் சக ஆய்வாளர்களும் அந்தச் சிவப்பை அளந்து வெளியிட்டார்கள். அதன் உச்சம் 705 நானோமீட்டர் அருகில் இருந்தது. இது சாதாரணச் சிவப்பு இல்லை. நம் பார்வையின் விளிம்பில் இருக்கும் சிவப்பு. நாமே இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

அந்தச் சிவப்பை அது தயாரிக்கும் விதமும் சுவாரசியமானது. உயிரொளியை உண்டாக்கும் வேதிவினையில் பொதுவாக வருவது நீலம் சார்ந்த ஒளி. மலக்கோஸ்டியஸின் விளக்குக்குள் ஒளிரும் புரதம் ஒன்று இருக்கிறது. அது வினையில் பிறக்கும் ஆற்றலை வாங்கிக்கொண்டு சிவப்பாக வெளியே விடுகிறது. அதுவும் போதாது என்று, விளக்கின் வாயில் பழுப்பு நிற வடிகட்டி ஒன்று மூடியிருக்கிறது. அது குறைந்த அலைநீளமுள்ள சிவப்பைத் தடுத்துவிட்டு, அடர்சிவப்பை மட்டும் வெளியே விடும். அரும்பாடுபட்டு உண்டாக்கிய வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தானே தடுத்துக்கொள்வது வீண் செலவு மாதிரித் தோன்றலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் மீனின் கண்ணில் பொறி தட்டிவிடக் கூடாதே; அதற்காகக் கொடுக்கும் விலை அது.

விளக்கு இருக்கிறது, கண் எங்கே?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. சிவப்பு டார்ச் மட்டும் இருந்து பயனில்லை. அதன் வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மீன்களைப் போல இதுவும் தன் விளக்குக்குத் தானே குருடாக இருக்கும்.

சிவப்பு விளக்குள்ள மீன்கள் இன்னும் சில உண்டு. அரிஸ்டோஸ்டோமியாஸ், பாக்கிஸ்டோமியாஸ் என்ற இரண்டு பேரினங்கள். மலக்கோஸ்டியஸுக்கு நெருங்கிய உறவு. அவை நேர்வழியில் போயின. ஏறத்தாழ 588 நானோமீட்டர் வரை உச்சம் நகர்ந்த, சிவப்பை நோக்கிச் சாய்ந்த பார்வை நிறமிகள் அவற்றின் விழித்திரையில் உள்ளன. மரபணு மாறியது, நிறமி மாறியது, சிவப்பு தெரிந்தது. புரிந்துகொள்ள எளிது.

மலக்கோஸ்டியஸின் பார்வை நிறமிகளை ஆராய்ந்தபோது கணக்கு இடித்தது. அதன் இரண்டு நிறமிகளின் உச்சமும் 515, 540 நானோமீட்டர் பக்கத்தில் இருந்தன. அது பச்சைப் பகுதி. மற்ற ஆழ்கடல் மீன்களைவிடச் சிவப்பை நோக்கிச் சற்று நகர்ந்திருக்கிறதே தவிர, 705இல் எரியும் விளக்கைப் பார்க்க அது போதாது. விளக்கு ஓரிடம், கண் வேறிடம் என்று இருந்தது.

1998இல் ரான் டக்ளஸும் குழுவினரும் விடையை வெளியிட்டார்கள். அந்த மீனின் விழித்திரையில் மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. அது 670 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சுகிறது. அது பார்வை நிறமியே அல்ல. பச்சையத்தின் வழிவந்த ஒரு பொருள்!

பச்சையம் என்றால் இலைகளைப் பச்சையாக்கும், சூரிய ஒளியைப் பிடித்து உணவாக்கும் அதே வகை நிறமிதான். இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிவிட்டுப் பச்சையை விட்டுவிடுவதால். அதாவது சிவப்பைப் பிடிப்பதில் பச்சையம் கைதேர்ந்தது. மீனின் கண்ணில் இருப்பது இலைப் பச்சையமே இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் சில பாக்டீரியாக்களிடம் காணப்படும் பாக்டீரியப் பச்சையத்திலிருந்து சற்று மாறிய வடிவம். வேலை என்னவோ அதே வேலைதான்.

வேலை எப்படி நடக்கிறது? இலையில் ஏராளமான பச்சைய மூலக்கூறுகள் ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலை ஒன்றிடமிருந்து ஒன்றாகக் கைமாற்றி, உணவு தயாரிப்பு தொடங்கும் மையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெரும்பாலான பச்சையம் அங்கே தானாக எதையும் தயாரிப்பதில்லை. ஆற்றலைச் சேகரித்துக் கொடுக்கும் ஏஜென்ட் மாதிரி. மீனின் கண்ணிலும் இதைப் போன்ற ஏற்பாடுதான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பச்சையப் பொருள் சிவப்பு ஒளியைப் பிடிக்கிறது. ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் பச்சைப்பகுதிப் பார்வை நிறமியிடம் கொடுக்கிறது. நிறமி, ‘ஒளி விழுந்தது’ என்று நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது. நிறமிக்குத் தெரிந்தவரை தனக்குரிய ஒளிதான் வந்தது; அது தரகர் மூலமாக வந்த சிவப்பு என்பது அதற்குத் தெரியாது.

இதோடு அதன் கண் லென்ஸும் மஞ்சள் நிறம். மஞ்சள் லென்ஸ் நீலத்தைக் குறைத்துச் சிவப்பை எடுப்பாகக் காட்ட உதவும்.

இது மீனின் உடம்புக்கு மட்டும் உரிய மந்திரமா என்று பார்க்க ஆய்வகத்தில் எலிகளிடமும் சோதித்திருக்கிறார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், குளோரின் ஈ6 என்ற பச்சைய வழிப்பொருளைச் செலுத்திய எலிகளின் கண்கள் சிவப்பு ஒளிக்குக் கூடுதலான மின் துலங்கல் காட்டின. ஆக, பாலூட்டியின் கண்ணிலும் இந்தக் கைமாற்று ஓரளவு நடக்கத்தான் செய்கிறது. (உடனே கீரையை அள்ளிச் சாப்பிட்டால் இருட்டில் சிவப்பு தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாது.)

பச்சையம் எங்கிருந்து வந்தது?

முதுகெலும்புள்ள விலங்கு எதுவும் பச்சையத்தைத் தானே தயாரிப்பதில்லை. 500 மீட்டருக்குக் கீழே செடி கொடியும் கிடையாது. அப்படியானால் அது சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில் அதன் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழ்த்தாடை மட்டும் உடல் நீளத்தில் கால் பங்கு. பற்கள் ஊசிகள். அதிசயம் என்னவென்றால், இரண்டு தாடை எலும்புகளுக்கும் நடுவே தோலோ சதையோ கிடையாது. நம் வாயின் அடித்தளத்தை வெட்டி எடுத்துவிட்டு, தாடை எலும்பின் சட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மெல்லிய தசை ஒன்று மட்டும் நாக்கெலும்பையும் தாடை நுனியையும் இணைக்கிறது. ஈ அடிக்கும் மட்டையில் ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான பலகையால் அடித்தால் காற்று தடுக்கும், ஈ தப்பிவிடும். ஓட்டை இருந்தால் காற்று ஊடே போய்விடும், மட்டை வேகமாக இறங்கும். அடித்தளமில்லாத தாடையும் அதே மாதிரி நீரின் எதிர்ப்பு குறைந்து படாரென்று மூடும். பெரிய இரையை எட்டிப் பிடிப்பதற்கென்றே செய்த ஆயுதம் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் கோபிபாடுகள்! இவை சில மில்லிமீட்டர் நீளமுள்ள, இறால் நண்டுகளுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர்கள். 2005இல் ட்ரேசி சட்டன் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. யானை பிடிக்கும் பொறியில் எறும்பு நிறைந்திருந்தால் எப்படி இருக்கும்? பெரிய மீன்களும் அவ்வப்போது வயிற்றில் கிடைத்திருக்கின்றன, ஆனால் குறைவு. வாயின் அடித்தளமே இல்லாத மீனுக்குச் சின்ன இரையை வாய்க்குள் நிறுத்துவதே சிரமம். அப்படியிருந்தும் அதைத்தான் தின்கிறது.

சட்டன் சொன்ன விளக்கம் இரண்டு புதிர்களையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. கண்ணுக்குத் தேவையான பச்சையப் பொருள் இந்தக் கோபிபாடுகள் வழியாக வந்திருக்கலாம். கடலின் மேல்பகுதியில் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களில் தொடங்கி, உணவுச் சங்கிலி வழியாகக் கைமாறி, கடைசியில் இருட்டில் வாழும் மீனின் விழித்திரையில் வந்து உட்காருகிறது என்பது எண்ணம். இதன் உறவினர்களில் பலர் இரவானதும் மேல்நோக்கி நீந்தி, இரை தேடிவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடுவார்கள். மலக்கோஸ்டியஸ் அப்படி ஏறி இறங்குவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, பெரிய இரை சிக்கும் வரைக்கும் சிறுதீனியில் காலம் தள்ளுகிறது.

சிறுதீனிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது டார்ச்சின் குறைபாடு. ஒரு மீட்டருக்குச் சிவப்பு பாதியாகும் என்று முன்னே பார்த்தோம் இல்லையா, அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் ஓர் இரை. வெளிச்சம் அங்கே போக 2 மீட்டர், பட்டுத் திரும்பி வர 2 மீட்டர். நீர் உறிஞ்சியது போக மிஞ்சுவது நூற்றில் 6 பங்குதான். விரிந்து சிதறுவதையும், இரை திருப்பி அனுப்பாமல் விழுங்குவதையும் சேர்த்தால் அதுவும் தேறாது. ஆக, இந்த டார்ச்சுக்கு வீச்சு மிகக் குறைவு. மூக்குக்கு முன்னால் கிடப்பதைத்தான் காட்டும். கடலில் பெரிய இரை அரிது, கோபிபாடு ஏராளம். கைக்கெட்டும் தூரம் மட்டுமே தெரியும் ஒருவன் அடிக்கடி கிடைப்பதைத் தின்றால்தான் வண்டி ஓடும். ஆழ்கடலில் சிவப்பு நிறக் கோபிபாடுகளும் நிறைய உண்டு. நீலக்கண் மீனுக்குத் தென்படாதவை, இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஒளிந்துகொள்வதற்காகப் போட்ட முக்காடே காட்டிக்கொடுத்துவிடும்.

ரகசியமும் முழு ரகசியம் அல்ல. முன்னே சொன்ன உறவினர்களான அரிஸ்டோஸ்டோமியாஸும் பாக்கிஸ்டோமியாஸும் சிவப்பு பார்க்கும் கண்ணுள்ளவை. தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீனும் பார்க்கும்; துணை தேடும்போது அது வசதி.

இந்த மீனை வலையில் அகப்பட்டுச் செத்தோ சாகும் நிலையிலோதான் பெரும்பாலும் பார்த்திருக்கிறோம். ஆழ்கடலுக்குக் கேமராவோடு போனால் வெள்ளை விளக்கு போட வேண்டும். போட்டால் அங்கிருப்பவை மிரண்டு ஓடிவிடும் அல்லது கண் கூசி நிற்கும். இயல்பாக நடப்பது படத்தில் வராது. 1984இல் சிவப்பை அளந்த அதே எடித் விடர் இதற்கும் சிவப்பையே கையிலெடுத்தார். அடர்சிவப்பு விளக்கு, அதைப் பார்க்கக்கூடிய கேமரா, கூடவே ஜெல்லிமீன் மாதிரி நீலமாக மினுக்கும் மின்னணுப் பொறி. 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே அதை ஆழத்தில் இறக்கியபோது, அதுவரை தன் வாழிடத்தில் வீடியோவில் சிக்காத ராட்சதக் கணவாய் அந்த நீல மினுக்கத்தை நோக்கிக் கைகளை விரித்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.